எட்டு வீட்டுக் கறிவேப்பிலை

அந்த வரிசையில் யார் வீட்டில் விதை போட்டாலும் முதல் விதையைப் பெரியநாயகியின் கையில் கொடுத்து ஊன்றச் சொல்வார்கள். பூசணியோ, பீர்க்கோ, வெண்டையோ, எதுவானாலும் ஒரு விதையை அவள் ஊன்றினால் போதும். மிச்சத்தை வீட்டுக்காரர்களே ஊன்றிக்கொள்வார்கள். அவள் கைராசி அப்படி என்று டுரியான் துங்காலில் அந்தத் தாமான் குடியிருப்பில் இருந்தவர்கள் நம்பினார்கள். அவளும் நம்பினாள். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவள். கழுத்தில் தாலியைத் தவிர நகை என்று பெரிதாக இல்லை. நாலு பேர் நடுவில் பேசவும் வராது. அவளுக்கென்று இருந்த மதிப்பெல்லாம் அந்தக் கையில்தான் இருந்தது.

வரிசையில் மொத்தம் பதினோரு வீடுகள். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். குசினிக்குப் பின்னால், சாக்கடை வரைக்கும் பத்தடி மண். பெரியநாயகியும் அவள் கணவன் வீரப்பனும் 1986-இல் அலோர் காஜா பக்கத்து எஸ்டேட்டை விட்டு இங்கே குடிவந்தார்கள். வீரப்பனுக்கு இரும்புக் கடை ஒன்றில் லோரி ஓட்டும் வேலை. வீட்டுச் சாமான்களை அந்த லோரியில்தான் ஏற்றி வந்தார்கள். கட்டிலும் அலமாரியும் பின்னால் ஆடிக்கொண்டு வர, பெரியநாயகி முன் இருக்கையில் ஒரு பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் ஒரு சாண் உயரத்தில் கறிவேப்பிலைக் கன்று இருந்தது.

மூன்று வருடத்தில் அந்தக் கன்று கூரை விளிம்பைத் தொட்டது. வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பின. அவற்றைத் தோண்டி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல் அவளே போய் நட்டும் வந்தாள். அப்படி அவளுடையதையும் சேர்த்து எட்டு வீடுகளில் கறிவேப்பிலை மரம் நின்றது. மீதி மூன்று வீட்டில் ஒன்று காலி. இன்னொன்றில் கொல்லை முழுக்கச் சிமெண்டு. மூன்றாவது, கோடி வீடு, வாடகைக்கு விடுவது. அங்கே ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியநாயகி பாசாருக்குப் போவாள். போகும் முன் கொல்லையை ஒரு முறை சுற்றி வருவாள். கத்தரிக்காய் காய்த்திருக்கிறதா, கீரை எத்தனை பிடி தேறும், பச்சை மிளகாய் பழுத்துவிட்டதா என்று பார்த்து, அங்கே இல்லாததை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டு கிளம்புவாள். பாசாரில் முதலில் மீன். கெம்போங் மீன் கண் தெளிந்து இருந்தால் ஒரு கிலோ. சீனக் கிழவர் மீனை வெட்டிக் கழுவித் தரக் கத்தியை எடுப்பார். இவள் கையைக் காட்டித் தடுப்பாள்.

"வேண்டாம் தவுக்கே. அப்படியே போடுங்க."

"சும்மாதான் வெட்டித் தரேன்லா. காசு இல்ல."

"தண்ணி எனக்கு வேணும்."

கிழவருக்கு அது கடைசி வரை விளங்கவில்லை. மீன் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு நல்லது என்பது வரிசையில் எல்லாருக்கும் தெரியும். மூன்று முறை கழுவி, செதிலும் ரத்தமும் கலந்த அந்தத் தண்ணீரை மரத்தைச் சுற்றி ஊற்றுவார்கள். இலை கறுத்து, தடித்து, கிள்ளினால் கை முழுக்க மணக்கும். அந்த இலையை உருவிப் போட்டு, மிளகும் பூண்டும் தட்டி, புளியைக் குறைத்து அவள் வைக்கும் ரசத்துக்காக வீரப்பன் மத்தியானம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் வெளிச் சாப்பாட்டைத் தொடாமல் வீட்டுக்கு வருவான். சுடுசோறு, ரசம், பொரித்த நெத்திலி. அவனுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

1991 தொடக்கத்திலிருந்து மழை சரியில்லை. தாமானிலிருந்து அணைக்கட்டுக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். ஆண்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தரை வெடித்துக் கிடக்கிறது என்றார்கள். பிறகு குழாயில் தண்ணீர் நின்றது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயந்திரம் ஏழு மணிக்குத் தண்ணீர் லோரி வரும். வீட்டுக்கு ஆறு வாளி. ஐந்து மணியிலிருந்தே வாளிகளை வரிசையில் வைத்து இடம் பிடிப்பார்கள்.

தண்ணீர் போனதும் சமையல் மாறியது. பச்சை மீன் வாங்கினால் கழுவவே ஒரு வாளி போய்விடும். கருவாட்டுக்கு ஒரு சட்டித் தண்ணீர் போதும், அரை மணி ஊறப்போட்டால் வேலை முடிந்தது. பெரியநாயகி பாசாரில் மீன் கடையைத் தாண்டிப் போய்த் தலாங் கருவாடு வாங்கினாள். எல்லாரும் அதையே செய்தார்கள். வரிசை முழுக்கக் கருவாட்டுக் குழம்பு வாசம் தினமும் வீசியது.

ஒரு நாள் லோரிக்காக நின்றபோது பக்கத்து வீட்டு மங்களம் பேச்சை ஆரம்பித்தாள். வயது ஐம்பதைத் தாண்டியவள். வரிசையில் அவள் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது.

"நாயகி, குடிக்கவே தண்ணி இல்ல. மரத்துக்கு என்னத்த ஊத்துறது?"

"அரிசி கழுவுன தண்ணிய கீரைக்கு ஊத்துங்கக்கா. கருவாடு ஊறவச்ச தண்ணிய சாக்கடையில கொட்டாதீங்க. அதுவும் மீன் தண்ணிதான. கறிவேப்பிலைக்கு ஊத்துங்க."

"அது சரிப்படுமாடி?"

"நான் போன வாரத்துலேர்ந்து ஊத்துறேன்."

அவள் ஊற்றுகிறாள் என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை. அன்றிலிருந்து வரிசையில் கருவாட்டுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வீணாகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோடி வீட்டுக்கு அன்னம்மா குடிவந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒரு முறை வருவான். இரண்டு பெண் பிள்ளைகள். அவள் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் இருந்தாள். கம்பெனி பஸ் அவளை ஆறு நாற்பதுக்கு முச்சந்தியில் இறக்கிவிடும். குடும்பமே சைவம். வந்த மூன்றாம் நாள், குழம்புக்கு இரண்டு கொத்து கறிவேப்பிலை கேட்டு நின்றாள். பெரியநாயகி இலையையும் கொடுத்து, பால்மாவு டின் ஒன்றில் ஒரு பக்கக் கன்றையும் வைத்துக் கொடுத்தாள்.

"வாடகை வீட்டுல மண்ண நம்பி நட வேணாம். டின்னுலயே இருக்கட்டும். போறப்ப தூக்கிக்கிட்டுப் போயிரலாம்."

"இது எப்பக்கா பெருசாகி..."

"அது வரைக்கும் என் மரத்துல பறிச்சுக்க. எப்ப வேணும்னாலும் வா. கேக்கவே வேணாம்."

அன்னம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போய்க் கைகால் துடைத்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவள் பின்பக்கமாக வரும்போது எல்லா வீட்டிலும் விளக்கு ஏற்றியிருப்பார்கள். விளக்கு வைத்த பிறகு செடி கொடியில் கை வைக்கக் கூடாது என்பது அந்த வரிசைக்கு ஒரு சட்டம். மங்களம் தன் குசினி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். ஒரு தடவை அல்ல, நான்கைந்து தடவை.

இரண்டு மாதம் போனது. முதலில் பெரியநாயகியின் மரத்தில்தான் அது தெரிந்தது. இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியதுபோல் கருகியது. பிறகு கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்து, அவள் இன்னும் ஒரு சட்டி ஊற்றினாள். அடுத்த வாரம் மங்களத்தின் மரம். அதற்கடுத்து வரிசையாக மற்ற வீடுகள். எந்த நேரம் பார்த்து இது வந்தது என்றால், மங்களத்தின் மகள் தேவிஸ்ரீ பிள்ளை பெற்றுத் தாய் வீட்டில் இருந்த நேரம். பத்தியத்துக்குப் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் தினமும் வேண்டும். எட்டு மரம் இருக்கிற வரிசையிலிருந்து ஆள் அனுப்பி அலோர் காஜா மளிகைக் கடையில் கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கினார்கள். மங்களத்துக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

லோரி வரிசையில் அவள் அதைச் சொல்லிவிட்டாள். அன்னம்மா இன்னும் பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை. காலையிலேயே கொண்டுவந்து வைத்த அவள் வாளிகள் மட்டும் வரிசையில் இருந்தன.

"நாயகி நட்ட மரம் எட்டும் ஒரே நேரத்துல காயுதுன்னா, நாயகி கையவா குத்தம் சொல்ல முடியும்? விளக்கு வச்ச பொறவு மரத்துல கை வைக்கிறவ வந்தா, நாசமாப் போகாம என்ன செய்யும்?"

ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் திலகவதி சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம்தான். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"என் மரம் அவ்வளவா கருகலையேக்கா."

"ஒன் மரத்துல பறிக்க என்னடி இருக்கு? அது ஒன்ன மாதிரியே ஒட்டடைக்குச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். மங்களம் அன்னம்மாவின் வாளிகளைக் காலால் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோனாள். ஒருவரும் தடுக்கவில்லை.

பெரியநாயகியும் தடுக்கவில்லை. 'எப்ப வேணும்னாலும் வா' என்று சொன்னது தான்தான் என்பது அவள் தொண்டை வரை வந்தது. ஆனால் மங்களம் தன் கையைக் குறை சொல்லவில்லை என்ற நிம்மதி அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. அன்று அன்னம்மாவின் முறை வருவதற்குள் லோரியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அடுத்த தடவையும் அப்படித்தான் நடந்தது. அன்னம்மா காலி வாளிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போனாள்.

அதற்கு மறுநாள் பெரியநாயகி கோடி வீட்டுக்குப் போனாள். இனி சாயந்திரத்தில் பறிக்க வராதே, வேண்டுமானால் காலையில் நானே கொடுத்து அனுப்புகிறேன் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு வரலாம் என்பது எண்ணம். அப்படிச் சொன்னால் பேச்சு அடங்கும் என்று நினைத்தாள். அன்னம்மாவுக்கு அன்று விடுமுறை. பின்கதவைத் திறந்தாள். சிமெண்டுப் படியின் ஓரத்தில் பால்மாவு டின் இருந்தது. அதில் கன்று இரண்டு சாண் வளர்ந்திருந்தது. ஒரு இலையிலும் கருகல் இல்லை. உச்சியில் வெளிர் பச்சையாகக் குருத்து விட்டிருந்தது.

பெரியநாயகி குனிந்து அதையே பார்த்தாள். தன் மரத்தின் வேரிலிருந்து எடுத்த கன்று. அதே மண். அதே வெயில். தண்ணீருக்குத் தவிப்பும் இந்த வீட்டில்தான் அதிகம்.

"இதுக்கு என்ன ஊத்துற?"

"அரிசி கழுவுன தண்ணிதான்க்கா. அதுவும் பாதி."

"மீன் தண்ணி, கருவாட்டுத் தண்ணி எதுவும்?"

அன்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுல ஏதுக்கா அதெல்லாம்?"

பெரியநாயகி வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பி வந்தாள்.

தன் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தாள். மண்ணின் மேல் மெல்லிய வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. பல நாளாகக் கண்ணில் பட்டதுதான். வெயிலில் காய்ந்த செதில் என்று நினைத்திருந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். உப்பு. விரலால் கிளறி, கீழே இருந்த மண்ணையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். அதுவும் உப்பு.

பச்சை மீனைக் கழுவினால் ரத்தமும் சதையும்தான் மண்ணுக்குப் போகும். கருவாட்டை ஊறவைப்பதே உப்பை எடுக்கத்தானே. தினமும் தன் கையால் உப்பை இறக்கி, அந்த உப்பை மரத்துக்குக் கொடுத்திருக்கிறாள். மழையும் இல்லை, கரைந்து ஓட. இருபது வருடமாகக் கருவாடு சமைக்கிறவளுக்கு இது தோன்றாமல் போயிற்று.

ஒரு மரத்தை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது என்று, பச்சை மிளகாய் இருக்கிறதா, முறம் இருக்கிறதா என்று எதையாவது சாக்கு வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு நாளில் ஏழு வீட்டுக் கொல்லைக்கும் போய் வந்தாள். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு சிட்டிகை. எட்டு மரத்தில் ஏழில் உப்பு கரித்தது. திலகவதி வீட்டு மரத்தடியில் மட்டும் வெறும் மண் ருசி. அது வாடியிருந்தது, கருகவில்லை.

"நீ கருவாட்டுத் தண்ணி ஊத்தலையா?"

"கருவாடு பொரிச்சா யூனிஃபார்மெல்லாம் நாறும்கா. நானும் அவரும் கேண்டீன்லயே சாப்பிட்டுட்டு வந்துருவோம். ஏங்க்கா, மங்களக்காகிட்ட சொல்லிறாதீங்க. பொம்பள அடுப்பு பத்தவைக்கிறதில்லன்னு ஊர் பூரா சொல்லிரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மெர்லிமாவிலிருந்து அவளுடைய அண்ணன் அப்புசாமி வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு கட்டு மரவள்ளிக் கிழங்கு, இரண்டு பக்கமும் இரண்டு பெரிய டின்களில் எஸ்டேட் கிணற்றுத் தண்ணீர். வழியெல்லாம் தளும்பி அவர் காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. அப்புசாமிக்குத் தங்கையைப் பற்றிப் பெருமை அதிகம். மெர்லிமாவில் யார் காய்கறி விலையைப் பற்றிப் பேசினாலும், என் தங்கச்சி குச்சிய ஊன்றி வச்சாலே துளிர்க்கும் என்று ஆரம்பித்துவிடுவார்.

கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் சோறும் வைத்தாள். அவர் இரண்டாம் தடவை சோறு வாங்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை தட்டில் நின்றது.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத்தான். இப்ப உங்களுக்கு."

"அப்ப பேசாம இரு. மழை வந்தா உப்பும் கரைஞ்சிரும், பேச்சும் கரைஞ்சிரும். நீ ஏன் வலியப் போயி தலைய குடுக்குற?"

"அந்தப் பொண்ணுக்கு முந்தாநாளோட மூணு தடவ தண்ணி கிடைக்கலண்ணே."

"அதுக்கு? சொன்னா அதோட ஒன் பேரு போச்சு. இந்த வரிசையில ஒன்னைய எதுக்குக் கூப்புடுறாங்க, சொல்லு. வேற எதுக்காச்சும் கூப்புடுறாங்களா?"

அவர் சொன்னது உண்மை. எழுந்து அவருக்குக் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

சாப்பிட்டு முடித்து அப்புசாமி தண்ணீர் டின்களை இறக்கப் போனபோது, அவள் வாசலில் வந்து நின்றாள்.

"அதக் கோடி வீட்டுல எறக்கிருங்க."

"ஒனக்குன்னு இருபது மைலு தூக்கிட்டு வந்தேன்லா."

"எனக்குக் குடுத்துட்டீங்கல்ல. அப்ப நான் சொல்ற இடத்துல வைங்க."

அப்புசாமி முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை லோரி வரும் நாள். ஐந்து மணிக்கெல்லாம் வாளிகள் நின்றுவிட்டன. பெரியநாயகியின் ஆறு வாளிகள் மூன்றாவது இடத்தில் இருந்தன. அன்னம்மாவின் வாளிகள் வழக்கம்போல் கடைசிக்குப் போயிருந்தன. ஏழு மணிக்கு லோரி வந்து நின்றது. அன்னம்மாவும் வந்து தன் வாளிகளுக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். பெரியநாயகி தன் வாளிகளை இரண்டிரண்டாகத் தூக்கிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். அங்கிருந்த அன்னம்மாவின் வாளிகளைக் கொண்டுவந்து மூன்றாவது இடத்தில் வைத்தாள்.

மங்களம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னடி பண்ற நீ?"

"மரத்தக் கருக்குனது அவ கை இல்லக்கா. நான் ஊத்தச் சொன்னேனே, கருவாட்டுத் தண்ணி. அந்த உப்பு."

லோரிக்காரர் குழாயைத் திறந்துவிட்டார். முதல் வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது.

"யாரு சொன்னா?"

"நானே மண்ண எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன். உங்க மரத்தடியிலயும் பாத்தேன். முறம் கேட்டு வந்தேன்ல, அன்னிக்கு. வேணும்னா இப்பவும் பாக்கலாம்."

மங்களம் நகரவில்லை. திலகவதிதான் மங்களம் வீட்டுப் பின்பக்கம் ஓடினாள். திரும்பி வந்தபோது புடவைத் தலைப்பால் நாக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சாம்பாருக்கே போடலாம்கா. அவ்வளவு உப்பு."

மங்களம் பெரியநாயகியின் பக்கம் திரும்பினாள். "அப்ப என் மரத்தக் கொன்னது நீதான்."

"ஆமாக்கா."

"பிள்ளை பெத்தவளுக்குக் காசு குடுத்து எல வாங்குனேன்டி நான்."

"ஆமாக்கா."

"இது ஒனக்குத் தெரிஞ்சு எத்தன நாளாச்சு?"

பெரியநாயகி மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள். குறைத்துச் சொல்ல வரவில்லை. "அஞ்சு நாளு."

மங்களம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ, கைராசிக்காரி கருவாட்டுல வழுக்கிட்டா என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெரியநாயகி கடைசிக்குப் போய்த் தன் வாளிகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அன்னம்மா மூன்றாவதாகத் தண்ணீர் பிடித்தாள். ஆறு வாளியும் நிரம்பின. இரண்டைத் தூக்கிக்கொண்டு பெரியநாயகியைத் தாண்டும்போது வாளிகளைக் கீழே வைத்தாள்.

"எப்ப வேணும்னாலும் பறிச்சுக்கன்னு நீங்கதானக்கா சொன்னீங்க."

"ஆமா."

"அத மட்டும் அன்னிக்கே இவங்ககிட்ட சொல்லியிருந்தா போதும். உப்பெல்லாம் தெரியலைன்னாலும் பரவால்ல."

குரலில் கோபம் இல்லை. வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று பெரியநாயகிக்கு ஐந்து வாளிதான் கிடைத்தது. ஆறாவது வாளியில் பாதிக்குள் லோரி தீர்ந்துபோனது.

மறுநாளிலிருந்து அவள் வேலையைத் தொடங்கினாள். உப்பைக் கழுவத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் இல்லை. அதனால் ஒவ்வொரு மரத்தடியிலும் அரை அடி ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி எடுத்து, கோணிப்பையில் கட்டிச் சாக்கடைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினாள். வேலி ஓரத்து நல்ல மண்ணை வாரி வந்து நிரப்பினாள். ஏழு வீட்டிலும் அவளே செய்தாள். மங்களம் வீட்டில் மட்டும் பின்கதவு மூடியிருந்தது. கதவைத் தட்டாமல் வேலையை முடித்துவிட்டு வந்தாள்.

மழை வந்தபோது ஏழில் நான்கு மரங்கள் அடியிலிருந்து துளிர்த்தன. மங்களத்தின் மரம் அதில் ஒன்று. பெரியநாயகியின் தாய்மரம் துளிர்க்கவில்லை. வீரப்பன் அதை வெட்டி விறகாக அடுக்கினான். அந்த வருடம் மங்களம் யாரையும் கூப்பிடாமல் தானே பூசணி விதை ஊன்றினாள். பன்னிரண்டு காய் காய்த்தது. வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, பெரியநாயகிக்குக் கேட்கும்படி அதை இரண்டு தடவை எண்ணினாள். கடைசிக் காயை மட்டும் பேரனிடம் கொடுத்தனுப்புவதுபோல், அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சும் அதோடு திரும்ப வந்தது. ஆனால் விதை ஊன்றப் பெரியநாயகியை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அவரவர் விதையை அவரவரே ஊன்றிக்கொண்டார்கள். எல்லாம் முளைக்கத்தான் செய்தன.

இரண்டு வருடம் அவள் கொல்லையில் கறிவேப்பிலை இல்லாமல் இருந்தது. ரசத்தில் என்னமோ குறைகிறது என்று வீரப்பன் சொல்வான். என்ன என்று இருவருக்கும் தெரியும். திலகவதி வீட்டு மரத்தடியில் கன்றுகள் நிறையக் கிளம்பியிருந்தன. கேட்டால் தந்திருப்பாள். பெரியநாயகி கேட்கவில்லை. 1993-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாசாருக்குப் போய்க் கெம்போங் மீன் வாங்கி வந்து வைத்துவிட்டு, கோடி வீட்டுக்கு நடந்தாள். பால்மாவு டின்னில் இருந்த கன்று இப்போது ஒரு பழைய எண்ணெய் டின்னுக்கு மாறி, ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அடியில் மூன்று பக்கக் கன்றுகள்.

"ஒண்ணு குடு அன்னம்மா."

அன்னம்மா கரண்டியால் வேர் அறாமல் தோண்டி எடுத்தாள். கொடுத்துவிட்டு நிற்கவில்லை, கூடவே நடந்து வந்தாள். தாய்மரம் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளிப் பெரியநாயகி குழி தோண்டி வைத்திருந்தாள்.

"நீயே நட்டுக் குடுத்துட்டுப் போ."

"எனக்குக் கைராசியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"எனக்கும் இல்ல. நடு."

அன்னம்மா நட்டாள். பெரியநாயகி மீனைக் கழுவி, முதல் தண்ணீரை ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அந்தப் பழக்கம் அவளுக்கு அதற்கப்புறம் போகவே இல்லை.

அப்புசாமி மெர்லிமாவில் இப்போதும் தங்கையைப் பற்றிப் பேசுகிறார். குச்சி துளிர்த்த கதையைச் சொல்வதில்லை. நாலு பேர் நடுவில் பேச வராதவள் தண்ணீர் லோரி வரிசையில் நின்று பேசிய கதையைத்தான் சொல்கிறார். தான் அதைத் தடுக்கப் பார்த்ததையும் விடாமல் சொல்கிறார்.

1996-இல் மரம் மறுபடி கூரை விளிம்பைத் தொட்டது. அன்னம்மா கோடி வீட்டைச் சொந்தமாகவே வாங்கிவிட்டாள். கம்பெனி பஸ் இன்னும் ஆறு நாற்பதுக்குத்தான் வருகிறது. வரிசையில் விளக்கு வைத்த பிறகு பின்பக்கம் செருப்புச் சத்தம் கேட்கும். கிளை ஒரு முறை ஆடி நிற்கும். பெரியநாயகி குசினியில் ரசத்தை இறக்கி வைத்துக்கொண்டிருப்பாள், திரும்பிப் பார்க்க மாட்டாள்.